சிகரத்தின் உயரத்தை யார் கொடுத்தது?

லண்டனில் தேம்ஸ் நதிக்குக் குறுக்கே, நடந்து செல்வோருக்காக மட்டும் கட்டிய மில்லேனியம் பாலம் 2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்டது. இரண்டே நாளில் மூடிவிட்டார்கள். கூட்டம் ஏறியதும் பாலம் பக்கவாட்டில் ஆடியது. பலர் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார்கள். வடிவமைத்தது அரூப் என்ற பேர்பெற்ற நிறுவனம். கணக்குப் போடாமல் கட்டியவர்கள் அல்ல.

இப்படிப்பட்ட ஆட்டத்தைக் கணிக்க, கட்டுமானத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமெண்ட் மாதிரியிலிருந்து, அது தானாக ஆடும் வேகங்களை, அதாவது இயல்பு அதிர்வெண்களை, முதலில் எடுப்பார்கள். அடுத்த படிதான் பிரீக்வென்ஸி ரெஸ்பான்ஸ். ஓரிடத்தில் சீரான அதிர்வு விசை ஒன்றைக் கொடுத்து, அதன் அதிர்வெண்ணைப் படிப்படியாகக் கூட்டினால், நாம் கேட்கும் புள்ளி எவ்வளவு அசையும் என்று கணினி வரைந்து தரும். இயல்பு அதிர்வெண் வரும் இடங்களில் கோடு சிகரமாக எழும்பும்.

சிகரம் எங்கே நிற்கிறது என்பதை முடிவு செய்பவை எடையும் விறைப்பும். இவை இரண்டும் கட்டுமான வரைபடத்திலேயே இருக்கின்றன. மாதிரி ஒழுங்காக இருந்தால் அந்த இடத்தை நம்பலாம். உயரம் அப்படியல்ல. அது டேம்பிங், அதாவது தணிப்பு, எவ்வளவு என்பதைப் பொறுத்தது. அந்த எண்ணைக் கணினி கண்டுபிடிப்பதில்லை; பொறியாளர்தான் தட்டச்சு செய்கிறார். 2 சதவீதம் என்று போட்டால், அதே விசை அசையாமல் நின்று தள்ளும்போது வரும் நகர்வைப்போல 25 மடங்கு வரும். 1 சதவீதம் என்றால் 50 மடங்கு. அரை சதவீதம் என்றால் 100. பளபளக்கும் அந்த வண்ணப் படத்தின் உச்சி, பல நேரம் யாரோ பழக்கத்தில் போட்ட ஓர் எண்தான்.

தணிப்பு குறைந்தால் சிகரம் உயர்வதோடு ஒடுங்கவும் செய்யும். இயல்பு அதிர்வெண் 1.04 ஹெர்ட்ஸ், தணிப்பு அரை சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.1 ஹெர்ட்ஸ் இடைவெளியில் கணக்கிட்டால் 1.0, 1.1 என்ற இரண்டு புள்ளிகள்தான் அக்கம்பக்கத்தில் விழும். 1.0இல் தெரிவது சுமார் 13 மடங்கு. உண்மையான 100 மடங்கு அந்த இரண்டுக்கும் நடுவே ஒளிந்துகொள்ளும். சிகரத்தை ஒட்டி மட்டுமாவது இடைவெளியை நெருக்கியாக வேண்டும்.

எந்தப் புள்ளியைப் பார்க்கிறோம் என்பதும் உண்டு. மில்லேனியம் பாலத்தின் நடுக் கண்ணுக்குப் பக்கவாட்டில் ஏறத்தாழ 0.5 ஹெர்ட்ஸிலும் 1 ஹெர்ட்ஸிலும் இரண்டு அதிர்வுகள். இரண்டாவதில் ஒரு பாதி இடப்பக்கம் போகும்போது மறுபாதி வலப்பக்கம் போகும். நட்டநடுப் புள்ளி கிட்டத்தட்ட அசையாது. நடுவில் மட்டும் ரெஸ்பான்ஸ் எடுத்தால் 1 ஹெர்ட்ஸில் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். கால் பங்கில் எடுங்கள், சிகரம் தெரியும். மனித நடை பக்கவாட்டில் தள்ளுவதும் ஏறத்தாழ வினாடிக்கு ஒரு முறைதான் என்பதால் இது சின்ன விஷயமல்ல.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் லண்டனில் நடந்தது அந்த வரைபடத்தில் வந்திருக்காது. விசை வெளியிலிருந்து மாறாமல் வருகிறது என்பதுதான் அந்தக் கணக்கின் அடித்தளம். பாலம் லேசாக ஆடியதும் மக்கள் விழாமலிருக்க அந்த ஆட்டத்துக்கேற்பக் காலை அகட்டி வைத்தார்கள். அது ஆட்டத்தை இன்னும் வளர்த்தது. ஆட்களை ஏற்றி நடத்திய சோதனையில் வடக்குக் கண்ணில் சுமார் 160 பேர் வரை பெரிய ஆட்டம் இல்லை. இன்னும் சிலர் ஏறியதும் ஆட்டம் சட்டென வளர்ந்தது. பாலத்துக்கு இயற்கையாக இருந்த தணிப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கூட்டம் அதைத் தின்று தீர்த்துவிட்டது.

விறைப்பைக் கூட்டி அதிர்வெண்ணை நகர்த்தும் யோசனையை அரூப் கைவிட்டது. அப்படிச் செய்தால் மெல்லிய பாலத்தின் உருவமே மாறிவிடும். 37 திரவத் தணிப்பான்களையும், அவற்றோடு எடைகட்டிய தணிப்பான்களையும் பொருத்தினார்கள். 2002 பிப்ரவரியில் பாலம் மீண்டும் திறந்தது. அதிர்வெண்கள் ஏறக்குறைய பழைய இடத்திலேயே இருந்தன. மாறியது தணிப்பு மட்டும்.