வெந்நீரூற்றும் தண்சுனையும்

திருவண்ணாமலையை அக்கினித் தலம் என்பது தொன்றுதொட்டு வரும் வழக்கு. ஆயினும், அடி அண்ணாமலை வழியாக 14 கிலோமீட்டர் தூரம் மலையை வலம் வருவோர் காணும் தீர்த்தங்கள் யாவும் தண்ணீரே உடையன. மலைமேல் கந்தாசிரமத்தில் ஊறும் சுனையும் குளிர்ந்ததே. நெருப்பின் பெயர் பூண்ட மலையில் நீர் குளிர்ந்திருக்க, எரிமலையே இல்லாத இலங்கையில் நீர் கொதிப்பேறி வருவதேன்? இதனை ஆராய்தல் நன்று.

இலங்கையில் திருகோணமலைக்கு மேற்கே சில கல் தொலைவிலுள்ள கன்னியா என்னும் ஊரில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. இராவணன் தன் அன்னையின் ஈமக்கடன் பொருட்டு நிலத்தைக் குத்த, ஏழிடங்களில் நீர் பெருகிற்று என்பது ஐதிகம். அது பற்றியே சைவ மக்கள் இறந்தோர்க்கு அந்தியேட்டி செய்ய இன்றும் அங்கு வருகின்றனர்.

தமிழ்நாட்டினின்று அங்குச் செல்வோர் கடல் கடத்தல் வேண்டும். 1914-ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் போக்குவரத்துத் தொடங்கிற்று. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினத்தினின்று காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விடப்பட்டது. ஏறத்தாழ 110 கிலோமீட்டர் கடல்வழி அது. கரையேறியபின் யாழ்ப்பாணம், வவுனியா வழியாகத் தரைமார்க்கமாய்த் திருகோணமலையை அடையலாம்.

கிணறுகள் சிறியன, சதுர வடிவின, மூன்று நான்கு அடியே ஆழமுள்ளன. அவற்றுள் இறங்கி மூழ்குதல் இயலாது. வாளியால் மொண்டு தலையில் வார்த்துக்கொள்வதே வழக்கம். நீரின் வெப்பம் சென்டிகிரேட் அளவில் ஏறத்தாழ 40 டிகிரி. கிணற்றுக்குக் கிணறு சிறிது வேறுபடும்.

இவ்வெப்பத்தின் காரணம் யாது? ஐஸ்லாந்து, ஜப்பான் முதலிய நாடுகளில் எரிமலைக் குழம்பு நீரைச் சூடாக்குகின்றது. இலங்கையிலோ அத்தகைய எரிமலை இல்லை. பூமியின் உட்புறம் இயல்பாகவே வெப்பமுடையது. பூமி தோன்றிய காலத்து வெப்பத்தின் எச்சமும், பாறைகளிலுள்ள சில தாதுக்களின் கதிரியக்கமும் அதற்குக் காரணம். கீழே ஒரு கிலோமீட்டர் செல்லச் செல்ல 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் ஏறும். மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே மிக ஆழத்திற் சென்று, சூடேறி, வேறொரு பிளவின் வழியே விரைந்து மேலெழுமாயின் வெந்நீரூற்றாகின்றது. மலைச்சுனை நீரோ மேற்பரப்பை அடுத்த வெடிப்புகளில் சிறிது தூரமே ஓடி வெளிப்படுவதால் குளிர்ந்தே நிற்கின்றது. ஆகவே இரண்டும் ஒரே மழைநீர். சென்ற ஆழம் ஒன்றே வேறு.

இவ்வுண்மையினின்று நம் கடமையும் புலனாகும். வெந்நீரூற்றாயினும் தண்சுனையாயினும் மண்ணிற் புகும் மழையே அதன் முதல். அம்மழை இறங்கும் நிலத்தைக் கட்டடத்தால் மூடினும், ஊற்றின் வாயிற் குப்பையைக் கொட்டினும், முன்னோர் போற்றிய தீர்த்தம் வறளும், அல்லது கெடும். துயருற்றோர் தம் கடன் கழிக்க நாடிவரும் நீர் அது. தீர்த்தமாட விழைவோர் அதன் தூய்மையையும் காப்பாராக.