கோல்ப் ஆட கோடீசுவரனாக இருக்கணுமா? ஊட்டி, கொடைக்கானலில் புதுசா மட்டை பிடிக்கிறவங்க படும் பாடு!

ஊட்டி,

ஊட்டிக்கு டூர் போகிறவர்கள் அந்தப் பெரிய புல்வெளியைப் பார்த்து "அடேங்கப்பா" என்று சொல்வதோடு சரி. அது கோல்ப் மைதானம், நமக்கு உள்ளே வேலை இல்லை என்று நாமாகவே முடிவு கட்டி விடுகிறோம். ஆனால் சங்கதி அப்படி இல்லை. கிளப் மெம்பர் இல்லாதவர்களும் கட்டணம் கட்டி ஊட்டி, கொடைக்கானல் மைதானங்களில் ஆட வழி இருக்கிறது. ரேட் அவ்வப்போது மாறும். போனில் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரு பொண்ணு அதிதி அசோக் 4-வது இடம் பிடித்தார். பதக்கம் மயிரிழையில் போச்சு. அன்றைக்குத்தான் நம்ம ஊரில் பலர் முதன்முதலாக கோல்ப் ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்தார்கள்.

ஆட்டம் ரொம்ப சிம்பிள். 46 கிராம்கூட இல்லாத ஒரு பந்து. மொத்தம் 18 குழிகள். ஒவ்வொரு குழியும் நாலேகால் அங்குல அகலம்தான், காபி டபரா சைஸ். யார் குறைந்த அடியில் பந்தைக் குழியில் தள்ளுகிறாரோ அவரே ஜெயித்தவர். கிரிக்கெட்டுக்கு நேர் எதிர்!

பந்து சும்மாதானே கிடக்கிறது, அடிக்க என்ன கஷ்டம் என்று போகிறவர்களுக்கு முதல் அடியிலேயே மானம் போகும். மட்டை காற்றை வெட்டும், பந்து அசையாது. இல்லாவிட்டால் பந்தின் தலையில் பட்டு பத்தடி உருண்டு நின்றுவிடும். கிட்டிப்புள் ஆடிய கை என்ற பெருமையெல்லாம் இங்கே செல்லாது. பலம் காட்டினால் பந்து கோணலாகப் போகும். நிதானமாக வீசினால்தான் பறக்கும்.

மேடு, பள்ளம், காட்டெருமை

ஊட்டி கடல் மட்டத்தில் இருந்து 7 ஆயிரம் அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. அதனால் அதே அடிக்கு, சமவெளியைவிட பந்து கொஞ்சம் கூடுதல் தூரம் போகும். புதுசா ஆடுகிறவர் 'நமக்கு திறமை வந்துடுச்சு' என்று சந்தோஷப்படுவார். அடுத்த மேட்டில் ஏறும்போது அதே காற்று மூச்சு வாங்க வைத்துவிடும். 18 குழியும் சுற்றி வந்தால் ஆறேழு கிலோ மீட்டர் நடை.

தரை சமமாகவும் இருக்காது. ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில் வைத்துத்தான் பல அடிகள் அடிக்க வேண்டும். பந்து புதருக்குள் போனால் 3 நிமிடம் தேடலாம். கிடைக்காவிட்டால் ஓர் அடி அபராதம், பழைய இடத்துக்கே திரும்பி வந்து அடிக்க வேண்டும். மேகம் இறங்கிவிட்டால் குழியில் நட்ட கொடியே தெரியாது. கொடைக்கானலில் காட்டெருமை மைதானத்துக்குள் வந்து மேய்வது உண்டு. அது நகரும் வரை ஆட்டக்காரர் பொறுமையாக நிற்க வேண்டியதுதான். அதனிடம் கிளப் ரூல்ஸ் பேச முடியுமா?

'கேடி' யார்?

கேடி என்றதும் போலீஸ் லிஸ்ட் ஞாபகத்துக்கு வரவேண்டாம். ஆட்டக்காரரின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கும் தொழிலாளிக்கு கோல்ப்பில் அதுதான் பெயர். பையில் 14 மட்டை வரை இருக்கும். எந்த அடிக்கு எந்த மட்டை, சரிவு எந்தப் பக்கம், காற்று எப்படி என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. புதுசா போகிறவர் பாதி ஆட்டத்தை இவரிடம்தான் கற்றுக்கொள்கிறார்.

டெல்லியில் பை தூக்கிய அலி ஷேர்தான் 1991-ல் இந்தியன் ஓபன் பட்டம் வென்ற முதல் இந்தியர். கொல்கத்தாவில் மைதானத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, கேடியாக இருந்த எஸ்.எஸ்.பி. சவுராசியா 2008-ல் இந்தியன் மாஸ்டர்ஸ் வென்றார். பெங்களூருவில் கேடியாக இருந்த முனியப்பா 2009-ல் இந்தியன் ஓபனை தூக்கினார். மூன்று பேருமே பணக்கார வீட்டுப் பிள்ளைகள் இல்லை. மைதானத்துக்குள் கால் வைக்க வழி கிடைத்தது, அவ்வளவுதான்.

வழி இல்லாததுதான் பிரச்சினை. டெல்லியில் 2000-ம் ஆண்டில், குதுப்மினார் பக்கம் லாடோ சராயில், அரசு அமைப்பான டெல்லி வளர்ச்சி ஆணையம் பொதுமக்களுக்கு என்றே ஒரு கோல்ப் மைதானம் திறந்தது. கட்டணம் கட்டு, ஆடு. நம்ம பக்கத்துப் பழைய மைதானங்களோ வெள்ளைக்காரன் காலத்தில் இருந்து கிளப் கையில்தான் இருக்கின்றன.

கிண்டி கதை

சென்னை கிண்டி ரேஸ் கோர்ஸ் ஓடுபாதைக்கு நடுவிலும் கோல்ப் ஆடினார்கள். 160 ஏக்கர் அரசு நிலம், 1940-களில் 99 வருட குத்தகை, வாடகை வருடத்துக்கு 614 ரூபாய் சொச்சம்! ஒரு சின்ன வீட்டுக்குக்கூட மாத வாடகை அதைவிடப் பல மடங்கு. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. அங்கே பெரிய பூங்கா வரும் என்று அரசு அறிவித்தது. மழைநீர் தேங்க குளங்களும் வெட்டப்பட்டன.

வேளச்சேரி ஒவ்வொரு மழைக்கும் மிதக்கும் ஊரில் குளத்துக்குத்தான் முதல் இடம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் 160 ஏக்கரில் ஒரு ஓரமாக, மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் மட்டை பிடித்துப் பழக இரண்டு ஏக்கர் ஒதுக்கினால் யாருக்கும் நஷ்டம் வராது. பை தூக்கி தினக்கூலி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். கற்றுக்கொடுக்க அவர்களைக் கூப்பிடலாம்.