நேரில் வந்து கூப்பிடவில்லை

பல்லாவரத்தில் இருக்கும் என் அத்தைக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது, வாட்ஸ்அப்பில் படமாக. அனுப்பியவன் அவர் இடுப்பில் வளர்ந்த அண்ணன் மகன். நாலு தெரு தள்ளியிருக்கும் தூரத்துச் சொந்தத்துக்கு அவனே நேரில் வந்து வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்துவிட்டுப் போனது மறுநாள் தெரிந்தது. "அங்க வந்தவனுக்கு இங்க வர வழி தெரியலையா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நெஞ்சை ஏதோ பிடிக்கிறது என்றார்.

வயசானவர்களின் வீம்பு என்று வீட்டில் ஒதுக்கினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நெஞ்சு பிடித்தது நிஜம்.

உளவியலாளர் கிப்ளிங் வில்லியம்ஸ் ஒருநாள் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது, இருவர் வீசி விளையாடிய தட்டு அவர் பக்கம் வந்து விழுந்தது. எடுத்து வீசினார். அவர்களும் சில முறை இவருக்கு வீசிவிட்டு, பிறகு நிறுத்திக்கொண்டார்கள். முன்பின் தெரியாதவர்கள்தான். ஆனாலும் சுருக்கென்றது. அதையே கணினியில் பந்து விளையாட்டாக்கினார். 2003இல் நவோமி ஐசன்பெர்கர் குழுவினர் அவரோடு சேர்ந்து, 13 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து அதை ஆடச்செய்தார்கள். பந்து வராமல்போனதும், உடல்வலியின் வேதனையோடு தொடர்புடைய முன் சிங்குலேட் புறணி என்ற மூளைப் பகுதி கிளர்ந்தது. பந்தை வீசுவது மனிதரல்ல, கணினிதான் என்று முன்பே சொல்லிவிட்டாலும் ஆடுபவர்களுக்கு வலித்ததாக இன்னோர் ஆய்வு 2004இல் காட்டியது. புத்திக்குத் தெரிந்தால் போதாதுபோலும்.

உடல்வலியும் மனவலியும் ஒரே வலி என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. மூளையின் ஒரே பகுதிக்குள்ளும் இரண்டின் பதிவுகள் வேறுவேறாக இருப்பதை 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மூன்று வாரம் தினமும் பாராசிட்டமால் சாப்பிட்டவர்களுக்கு மனநோவு படிப்படியாகக் குறைந்தது என்ற 2010ஆம் ஆண்டு முடிவை நம்பி யாரும் மாத்திரையைத் தேட வேண்டாம், அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும்.

ஏன் இவ்வளவு வலி? பதிலின் ஒரு நுனி பல்லாவரத்து மண்ணிலேயே கிடக்கிறது. 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே ஒரு சரளைக்கல் குழியில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அவர் கண்டறிந்த அத்திரம்பாக்கம் என்ற இடத்தின் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழையவை என்று 2011இல் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் கணித்தார்கள். கல்லை நம்பி வாழ்ந்த காலத்தில் கூட்டத்தைவிட்டு விலக்கப்பட்டவர் பிழைப்பது அரிது. விலக்கப்படும் முன்பே எச்சரிக்க ஒரு வலி தேவைப்பட்டது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

ஆனால் என் அத்தையை யாரும் விலக்கவில்லையே, பத்திரிகை வந்ததே? உளவியலாளர் மார்க் லியரியின் விளக்கம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. 1998இல் மனம் நொந்த அனுபவங்களை எழுதி வாங்கிப் பார்த்தார் அவர். நோகடித்தவர்களில் பெரும்பாலோர் நெருங்கியவர்கள். அந்நியர் மிகச் சிலரே. அந்த உறவை நாம் எதிர்பார்க்கும் அளவுக்கு எதிராளி மதிக்கவில்லை என்று தெரியவரும் இடத்தில்தான் மனம் நோகிறது என்றார். வெற்றிலைத் தட்டு அந்த மதிப்பைக் கண்ணுக்குக் காட்டும் பொருள். நாளைக்கு மணமேடையில் ஆரத்தி எடுக்க வேண்டிய அத்தைக்கு அது வரவில்லை.

நோகடித்தவருக்கு விஷயம் அன்றே முடிந்துவிடுகிறது, நொந்தவருக்கு முடிவதில்லை என்று உளவியலாளர் ராய் பாமைஸ்டர் 1990இல் எழுதினார். பழைய உடல்வலியை நினைத்தால் அது திரும்ப வலிப்பதில்லை. பழைய மனவலி வலிக்கிறது. அத்தை சொன்ன கதைகளில் 30 வருஷத்துக்கு முந்தைய ஒரு வளைகாப்பும் இருந்தது.

அவனிடம் நான் போனில் பேசினேன். பதறிப்போனான். "அத்தைதானே, நம்ம வீட்டு மனுஷின்னு நெனச்சுட்டேன்" என்றான்.

அன்று சாயங்காலமே தட்டோடு வந்து நின்றான். அத்தை கதவைத் திறந்தார், கண் கலங்கியிருந்தது.

"நான் அத்தைதானேடா" என்றார்.