நம் குளிரும் ஹார்பின் குளிரும்

"தோட்டத்துப் பனியில பொறந்து வளர்ந்த பிள்ளைக்குக் குளிர் என்ன செய்யும்?" சீனாவுக்குப் படிக்கப் போகும் பிள்ளையை வழியனுப்பும் வீடுகளில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். மருத்துவமும் பொறியியலும் படிக்க அங்கே போகும் இலங்கை மாணவர்களில் மலையகப் பிள்ளைகளும் உண்டு. போகும் ஊர் ஹார்பின், ஷென்யாங், தாலியன், சாங்சுன் என்று சீனாவின் வடகிழக்கில் அமைந்துவிட்டால், இந்த நம்பிக்கையே பிள்ளையை ஆபத்தில் தள்ளும். குளிர் பழகியவன் என்ற தைரியத்தில் காதை மூடாமல் வெளியே இறங்குவது அப்படித்தான்.

ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை மாத விடியலில் பத்து, பன்னிரண்டு பாகை செல்சியஸ் வரை இறங்கும். நுவரெலியாவில் சில நாட்களில் புல்லின் மேல் உறைபனி படியும். அது பத்திரிகையில் படத்தோடு வரும் செய்தி. ஹார்பினில் ஜனவரி மாதச் சராசரியே மைனஸ் 18 பாகையை ஒட்டியது. நடுவில் இருக்கும் முப்பது பாகை, கொழும்பின் நண்பகல் வெயிலுக்கும் ஐஸ் கட்டிக்கும் உள்ள தூரம்.

குளிரைத் தாங்கும் உடம்பு பரம்பரையாக வருவதும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோருக்கு இந்த மலைக் குளிர் புதிது. வெயில் ஊரின் ஒற்றை வேட்டியோடும் சேலையோடும் வந்தவர்களைக் காப்பாற்றியது கம்பளியும் அடுப்பும்தான். அவை போதாத இடத்தில் மார்ச்சளியிலும் வயிற்றுப்போக்கிலும் ஆட்கள் செத்தார்கள். புதுக் குளிருக்குப் புது ஏற்பாடு வேண்டும் என்பதை அவர்களைவிட வேறு யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஈரக் குளிர், உலர்ந்த குளிர்

நம்முடையது மழையும் மூடுபனியும் கலந்த ஈரக் குளிர். வெளியே எப்படியோ அப்படியேதான் வீட்டுக்குள்ளும். காயப்போட்ட துணி மூன்று நாளானாலும் பிசுபிசுக்கும். வடசீனக் குளிர் வறண்டது. வெளியே மூக்குக்குள் இருக்கும் மயிர் விறைக்கும், கண் இமையில் வெள்ளையாக உறைபனி படியும். கதவைத் திறந்து, அதன் பின்னால் தொங்கும் தடித்த திரையை விலக்கி உள்ளே போனால் இருபது பாகைக்கு மேல் சூடு. ஹார்பினில் ஒக்டோபர் 20 முதல் ஏப்ரல் 20 வரை, அரை வருடம், நகரம் முழுக்கக் குழாய் வழியே வெந்நீர் ஓட்டிக் கட்டடங்களைச் சூடாக்குகிறார்கள்.

இந்த வசதி சீனா முழுக்க உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. சின்லிங் மலைத்தொடரையும் ஹுவாய் ஆற்றையும் இணைத்து 1950களில் ஒரு கோடு போட்டார்கள். பொதுச் சூடாக்கல் அதற்கு வடக்கே மட்டும். 2020 பெப்ரவரியில் 33 இலங்கை மாணவர்களை விமானத்தில் அழைத்து வந்து தியத்தலாவையில் தனிமைப்படுத்தி வைத்தார்களே, அவர்கள் படித்த வூஹான் கோட்டுக்குத் தெற்கே உள்ள ஊர். அங்கே குளிர்காலம் ஈரமானது, வீட்டுக்குள்ளும் குளிரும். நம் ஊரை நினைவூட்டும் குளிர் அது. அந்த மாதிரி ஊர்களில் ஈரக் காலுறையோடு நாள் முழுக்க இருந்தால் கால் விரல்கள் சிவந்து தடித்து, இரவில் போர்வைக்குள் போனதும் தாங்க முடியாமல் அரிக்கும். காலை உலர வைத்து மெதுவாகச் சூடேற்றினால் ஓரிரு வாரத்தில் ஆறிவிடும். ஆகவே போகும் ஊர் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியில் வைக்கும் உடுப்பு அதைப் பொறுத்தது.

விரல், காது, மூக்கு நுனி

மைனஸ் 20 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்றும் அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 33 போல. மூடாத தோல் பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் உறைய ஆரம்பிக்கலாம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் அவ்வளவுதான்.

உடம்பு தன் நடுப்பகுதியின் சூட்டைக் காக்க ஓரங்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். அதனால் விரல், காது, மூக்கு, கன்னம் முதலில் அடிபடும். முதலில் குத்தும், பிறகு மரத்துப்போகும். வலி நின்றதும் பழகிவிட்டது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வதுதான் மோசம். வெள்ளைத் தோலுக்காக எழுதிய புத்தகங்கள் "சிவக்கும், பிறகு வெளுக்கும்" என்கின்றன. நம் கறுப்புத் தோலில் சிவப்பு தெரியாது. சாம்பல் பூத்தது போல மங்கி, மெழுகு போல இறுகும். கண்ணை நம்பாமல் தொட்டுப் பாருங்கள். உணர்ச்சி இல்லை, தோல் கட்டியாக இருக்கிறது என்றால் உடனே உள்ளே போக வேண்டும்.

உள்ளே போனதும் நம் கை தானாக அடுப்பைத் தேடும். மழையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்தவர் கையை நெருப்பில் காட்டி, பரபரவென்று தேய்ப்பதை லயத்தில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். உறைந்த விரலுக்கு அந்த இரண்டும் கேடு. தேய்த்தால் உள்ளே உறைந்த சதை கிழியும். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது என்பதால் நெருப்போ சூடாக்கும் குழாயோ வேகவைத்தே விடும். செய்ய வேண்டியது: மோதிரத்தையும் ஈர உறையையும் கழற்றி, 37 முதல் 39 பாகை வரையான வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் வைத்திருங்கள். தண்ணீரின் சூட்டைப் பாதிக்கப்படாத இன்னொருவர் முழங்கையால் பார்க்கட்டும். உணர்வு திரும்பும்போது நன்றாக வலிக்கும்; அது நல்லதுக்கே. கொப்புளம் வந்தால் உடைக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். மறுபடி குளிரில் போக வேண்டியிருந்தால் வழியில் உருக்க வேண்டாம். உருகி மீண்டும் உறைந்த விரல்தான் வெட்டும் நிலைக்குப் போகிறது.

உடுப்பில் ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும்: வியர்வை தோலோடு தங்கக் கூடாது. பருத்திப் பனியன் வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும், ஆகவே அடியில் அது வேண்டாம். தோலை ஒட்டி மெல்லிய தெர்மல் உடுப்பு, அதன் மேல் கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத, இறகு அடைத்த நீளக் கோட். சூடான பஸ்ஸிலோ கடையிலோ ஏறியதும் கோட்டைத் திறந்துவிட வேண்டும். நுவரெலியா பஸாரில் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய ஜாக்கெட்டுகள் மலிவாகக் கிடைக்கும். நடு அடுக்குக்கு அவை நன்றாக உதவும். மேல் கோட்டும் சப்பாத்தும் மட்டும் அந்த ஊரிலேயே வாங்குவது நல்லது, அந்தக் குளிருக்கென்றே செய்தவை அவை. சப்பாத்து ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும். இறுக்கமான இரண்டு காலுறை இரத்த ஓட்டத்தைத் தடுத்து விரலை இன்னும் சீக்கிரம் உறைய வைக்கும்.

நடுக்கம் நின்றால்

உடம்பின் உட்சூடு 35 பாகைக்குக் கீழே போவது உயிராபத்து. முதலில் கடுமையான நடுக்கம் வரும். பிறகு பேச்சு குழறும், நடை தள்ளாடும், சொன்னதையே திரும்பச் சொல்வார்கள். அதற்குப் பின் நடுக்கம் நின்றுபோனால் தேறிவிட்டார் என்று விட்டுவிடாதீர்கள். உடம்பு தோற்கத் தொடங்கிவிட்டது. ஈர உடுப்பைக் களைந்து போர்வையால் சுற்றி, 120க்கு அழையுங்கள். இங்கே 1990 எப்படியோ, சீனாவில் அம்பியூலன்சுக்கு 120.

மது குடித்தால் சூடு ஏறும் என்பது முழுப் பொய். தோலுக்கு இரத்தம் பாய்வதால் வெதுவெதுப்பாகத் தெரியும். அந்த வழியாகவே உட்சூடு வெளியேறும். குடித்துவிட்டு அறைக்குத் திரும்பும் வழியில் பனியில் உட்கார்ந்து தூங்கிப்போனவர் விடியும் முன் இறந்துபோகலாம்.

அறைக்குள் வறட்சி

சூடாக்கிய அறையின் காற்றில் ஈரமே இருக்காது. முதல் மாதத்தில் பலருக்கு மூக்கில் இரத்தம் வரும், உதடு வெடிக்கும், காலில் தோல் செதில் செதிலாக உரியும். இரவில் ஒரு கிண்ணம் தண்ணீரைச் சூடாக்கும் குழாயின் மேல் வையுங்கள், அல்லது துவைத்த துண்டை அறைக்குள்ளேயே காயப்போடுங்கள். குளித்து ஈரம் முழுதும் உலரும் முன்பே எண்ணெயோ கிரீமோ பூச வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுபோன தேங்காயெண்ணெய் தாராளமாக உதவும். இருபத்துநான்கு பாகைக்குக் கீழே உறைந்துவிடும் என்பது ஹட்டன்காரருக்குத் தெரியாததா. மூக்கில் இரத்தம் வந்தால் தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

குளிரில் தாகம் தெரியாது, ஆனால் தண்ணீர் வற்றும். சீனர்கள் எப்போதும் சுடுதண்ணீர் குடிப்பவர்கள். பல்கலைக்கழக விடுதிகளில் கொதிநீர் பிடிக்கத் தனி இடமே இருக்கும், பிள்ளைகள் பிளாஸ்கோடு போவார்கள். பிளேன்டீயில் வளர்ந்த நமக்கு எளிதில் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் இது.

மூச்சும் முகக்கவசமும்

இழுப்பு உள்ளவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். குளிர்ந்து வறண்ட காற்றை வேகமாக உள்ளே இழுத்தால் மூச்சுக்குழாய் சுருங்கும். பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதே இழுப்பு தொடங்கிவிடலாம். மப்ளரால் மூக்கையும் வாயையும் மூடி மூக்கால் மூச்சு விடுங்கள். இன்ஹேலரைப் பையின் வெளிப்புறத்தில் வைக்காமல் உடம்போடு ஒட்டிய உள் பையில் வைத்திருங்கள், குளிர்ந்துபோன இன்ஹேலர் சரியான அளவு மருந்தைத் தள்ளாது.

அதோடு நிலக்கரிப் புகை. 2013 ஒக்டோபரில் சூடாக்கல் தொடங்கிய நாட்களில் ஹார்பினில் நுண்தூசி ஒரு கனமீற்றருக்கு 1,000 மைக்ரோகிராம் வரை ஏறி, பாடசாலைகளையும் விமான நிலையத்தையும் மூடினார்கள். ஒரு நாளைக்கு 15ஐத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய அளவுகோல். அதன் பின் சீன நகரங்களின் காற்று நன்றாகத் தெளிந்திருக்கிறது. ஆனாலும் புகை மண்டும் நாட்கள் வரத்தான் செய்கின்றன. அன்று துணிக் கவசம் போதாது, முகத்தில் இறுகப் பொருந்தும் என்95 வகை வேண்டும்.

முகக்கவசத்துக்கு இந்த ஊரில் ஒரு வரலாறு உண்டு. 1910 டிசம்பரில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, அதைத் தடுக்க ஹார்பினுக்கு அனுப்பப்பட்டவர் வூ லியென் தே என்ற இளம் மருத்துவர். நம்மைப் போலவே வெப்ப நாட்டுக்காரர்; தமிழர்கள் நிறைந்த பினாங்கில் 1879இல் பிறந்தவர். நோய் எலியிலிருந்து அல்ல, மனிதர் மூச்சிலிருந்து மனிதருக்குத் தொற்றுகிறது என்று அவர் சொன்னார். துணியும் பஞ்சும் வைத்துத் தைத்த கவசத்தை எல்லோரும் அணிய வேண்டும் என்றார். அதை ஏற்காமல் கவசமின்றி நோயாளிகளைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் மெனி சில நாட்களிலேயே இறந்தார். சுமார் 60,000 பேரைக் கொன்ற அந்த நோய் நெரிசலான சத்திரங்களில் வேகமாகப் பரவியது. குளிருக்காக எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு ஆட்கள் நெருங்கிக் கிடந்தார்கள். இன்றைய விடுதி அறையில் அதே வேலையைச் சளிக்காய்ச்சல் செய்கிறது. தினமும் இரண்டு வேளை பத்து நிமிடமாவது ஜன்னலைத் திறந்துவிடுங்கள். இன்ஃபுளுவன்சா தடுப்பூசியைக் குளிர் தொடங்கும் முன் போட்டுக்கொள்ளுங்கள்.

கரி அடுப்பு

பல்கலைக்கழகத்துக்கு வெளியே பழைய வீடுகளில் வாடகைக்கு இருப்போர் கவனிக்க: அறைக்குள் கரி அடுப்பு வேண்டாம், குளியலறையில் காஸ் ஹீட்டர் இருந்தால் அதன் புகைக்குழாய் வெளியே போகிறதா என்று பாருங்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. ஒரே அறையில் இருவருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் யோசிக்காமல் வெளியே ஓடுங்கள். ஹட்டனில் இருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. மழைக்கால இரவில் தகரத்தில் கங்கு அள்ளி வந்து, காம்பராவின் கதவை அடைத்துக்கொண்டு பிள்ளைகளோடு படுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

வெயில் இல்லாத மாதங்கள்

டிசம்பரில் ஹார்பினில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அந்த ஊர் இருக்கும் அட்சரேகையில் குளிர்கால வெயில் மிகவும் சாய்ந்து விழுவதால் தோலால் விட்டமின் டி செய்ய முடியாது. கறுப்புத் தோலுக்கு எப்போதும் கூடுதல் வெயில் தேவை. மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுப்பதே வழி.

மனசும் இருண்டுபோகும். நாள் முழுக்கத் தூக்கம், சாப்பாட்டில் வெறுப்பு அல்லது அடங்காத பசி, வகுப்புக்குப் போக மனமில்லை, வீட்டு அழைப்பை எடுக்கவே பிடிக்கவில்லை என்று இரண்டு வாரம் நீண்டால் அது சோம்பேறித்தனம் இல்லை, மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய். காலை வெளிச்சத்தில் அரை மணி நேரம் நடப்பது நன்றாக உதவும். வீட்டாருக்கும் ஒரு சொல். அங்கே வாட்ஸ்அப் தடை என்பதால் வீசாட்டை இப்போதே போனில் போட்டுப் பழகுங்கள். சீன நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். இங்கே இரவு எட்டரைக்கு வேலையெல்லாம் முடித்து "சாப்பிட்டியா மகன்?" என்று கேட்கும்போது அங்கே பதினொரு மணி. கேள்விக்கு "ஓம்" என்று ஒரு சொல்லோடு முடிப்பதை நம்பிவிடாமல், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். பிள்ளையின் பேச்சில் மாற்றம் தெரிந்து என்ன செய்வதென்று புரியாவிட்டால், தேசிய மனநல உதவி எண் 1926இல் பெற்றோரும் ஆலோசனை கேட்கலாம்.

புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்

எனக்கு மிகவும் கவலையான விஷயத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். மலையகப் பெண் பிள்ளைகளிடம் இரத்தசோகை நெடுநாளாக இருக்கிறது. இரும்புச்சத்து குறைந்த உடம்பால் போதிய சூடு உண்டாக்க முடியாது. மற்றவர்கள் தாங்கும் குளிரை இவர்கள் தாங்க மாட்டார்கள், படியேறினாலே மூச்சு வாங்கும். டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலோ வேறு எங்கேயோ ஒரு இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஹீமோகுளோபின் பெண்ணுக்கு 12க்கும் ஆணுக்கு 13க்கும் குறைந்தால் சிகிச்சை வேண்டும். எப்போதும் குளிருகிறது, முடி கொட்டுகிறது, எடை ஏறுகிறது என்றால் தைரொயிட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இழுப்பு, வலிப்பு, சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் மருந்தின் பொதுப் பெயரோடு மருத்துவர் கடிதமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாம் பனடோல் என்று கேட்டால் அங்கே விளங்காது, அது பரசிட்டமோல்.

இரும்புச்சத்து மாத்திரை தொடங்கினால் இரத்த அளவு சரியாக ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். உடம்பின் இருப்பு நிரம்ப அதன் பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். விசா கையில் வந்த பிறகு தொடங்கினால் காலம் போதாது. மாத்திரை எடுக்கும் காலத்தில் சோற்றோடும் ரொட்டியோடும் தேத்தண்ணி குடிப்பதை நிறுத்துங்கள். தேயிலை இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் குற்றமில்லை.