மறுமதிப்பீட்டுக்குப் போடலாமா?

நம் கேம்பல் பேயில் பல வீடுகளில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைச் சென்னைப் பக்கம் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறோம். "இரண்டு மார்க்கில் போய்விட்டது அப்பா" என்று பிள்ளை போனில் சொன்னால், மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டலாமா, வீணாகுமா என்ற குழப்பம் வந்துவிடுகிறது. அதைப் பற்றிச் சற்று விளக்குகிறேன்.

நான் ரயில்வேயில் இருந்தவன். அகலப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 1676 மில்லிமீட்டர். ஓர் இடத்தில் கேஜ் வைத்து யார் அளந்தாலும் ஒரே அளவுதான் காட்டும். விடைத்தாள் அப்படியல்ல. ஒரே விடைக்கு ஒருவர் எட்டு போடுவார். இன்னொருவர் ஐந்து போடுவார். மேல்முறையீடு என்ற வழி இருப்பது இதனால்தான்.

மறுகூட்டல் வேறு, மறுமதிப்பீடு வேறு. முன்னதில் கூட்டல் சரியா, ஏதேனும் விடை திருத்தாமல் விடுபட்டதா என்று மட்டும் பார்ப்பார்கள். பின்னதில் வேறொரு ஆசிரியர் விடைகளைப் புதிதாகத் திருத்துவார்.

பலன் உண்டா? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஏப்ரல்–மே தேர்வுக்குப் பின் 3,02,380 பேர் மறுமதிப்பீடு கேட்டார்கள். அதில் 73,733 பேர் தேர்ச்சி பெற்றார்கள். 16,636 பேருக்கு மார்க் கூடியது. ஏறக்குறைய பத்துக்கு மூவர். ஆனால் இந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடக் கூடாது. பணம் வாங்கிக்கொண்டு மார்க் கூட்டினார்கள் என்ற குற்றச்சாட்டின்பேரில் 2018 ஆகஸ்டில் லஞ்ச ஒழிப்புத்துறை பத்துப் பேர்மீது வழக்குப் பதிவு செய்தது. "நான் பாஸ் போட வைக்கிறேன்" என்று எவர் வந்தாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? விதியில் இடமில்லாத இடத்தில் மறுமதிப்பீட்டை உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1984ல் ஒரு மகாராஷ்டிர வழக்கில் கூறியது. அதே நீதிமன்றம் 2011ல், தகவல் உரிமைச் சட்டப்படி மாணவர் தம் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அந்த மனுவுக்குப் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் மறுமதிப்பீட்டுக்கான கடைசித் தேதி போய்விடக்கூடும். ஆகவே பல்கலைக்கழகமே நகல் தருமானால் முதலில் அதற்கே விண்ணப்பிக்கவும்.

2020 ஆகஸ்டில் கடலடி கேபிள் நம் பெரிய நிக்கோபார் வரை வந்துவிட்டது. பிள்ளை நகலைப் படமெடுத்து அனுப்பினால் இங்கிருந்தே பார்க்கலாம். அதைப் பாடம் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள். "இந்த விடைக்கு மார்க் குறைவு" என்று அவர் இடம் காட்டினால் தாராளமாகப் பணம் கட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

எப்படியிருந்தாலும் அரியர் தேர்வுக்கும் கட்டணம் கட்டிவிடவும். மறுமதிப்பீட்டு முடிவு வரும்வரை பிள்ளை புத்தகத்தை மூடிவைக்க வேண்டாம்.