இரண்டு மாயபுரிகளும் ஒரு குடும்பத்தின் அமைதியும்

கடல் கடந்து வாழும் பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோர் நம் பங்குகளில் இன்று பலர். மகன் கலிபோர்னியாவில், மகள் புளோரிடாவில் என்று அமெரிக்க நாட்டின் இரு முனைகளிலும் பிள்ளைகளை உடைய குடும்பங்களும் உண்டு. அத்தகைய பயணங்களில் பேரப்பிள்ளைகளின் பொருட்டு இடம்பெறுவது டிஸ்னி கேளிக்கைப் பூங்கா. மேற்கே ஒன்று, கிழக்கே மற்றொன்று. இரண்டு வாரங்களுக்குள் இரண்டையும் பார்த்துவிட வேண்டும் என்று திட்டமிடுகின்றனர்.

முதற் பூங்காவில் கைகொட்டிச் சிரித்த அதே குழந்தை, இரண்டாவது பூங்காவில் நண்பகலுக்கு முன்பே அழத் தொடங்குகிறது. தாத்தா கிடைத்த இருக்கையில் அமர்ந்துவிடுகிறார். அரிதாய்க் கிடைத்த விடுப்பையும் சேமித்த பணத்தையும் செலவிட்டு அழைத்து வந்த மகனுக்குச் சினம் மூளுகிறது. மகிழ்வதற்கென்று கூடிய குடும்பம் மனத்தாங்கலோடு அறைக்குத் திரும்புகிறது. இது ஏன் நேருகிறது? இதனைத் தவிர்க்கும் வழி யாது? இவற்றைச் சற்றே சிந்திப்போம்.

உடன்பிறந்த பூங்காக்கள்

லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அருகே அனஹைம் என்னும் ஊரில், 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோட்டப் பரப்பில், வால்ட் டிஸ்னி தமது முதற் பூங்காவைக் கட்டினார். டிஸ்னிலாந்து என்னும் அப்பூங்கா 1955 ஜூலை 17-ஆம் நாள் திறக்கப்பட்டது. புளோரிடாவில் இன்னும் பெரியதோர் உலகை அமைக்க அவர் நிலம் வாங்கினார். ஆனால் பணி முடியுமுன், 1966 டிசம்பர் 15 அன்று காலமானார். ஓய்வுபெற இருந்த அண்ணன் ராய் டிஸ்னி அப்பணியை ஏற்று முடித்தார். ஆர்லாண்டோ அருகே மாஜிக் கிங்டம் 1971 அக்டோபர் 1-ஆம் நாள் திறக்கப்பட்டது. தம்பியின் கனவைத் தமையன் நிறைவேற்றிய கதை அது.

மூத்ததன் அமைப்பே இளையதற்கும் அச்சாயிற்று. நுழைந்தவுடன் பழங்காலக் கடைவீதி. அதன் முடிவில் கோட்டை. கோட்டையைச் சுற்றிப் பல கற்பனை நாடுகள். பறக்கும் யானை, சுழலும் தேநீர்க் கோப்பைகள், கரீபியன் கடற்கொள்ளையர், பேய் மாளிகை, இருளில் பாயும் விண்வெளி மலை ஆகியவை இரண்டிலும் உள்ளன.

பல நாட்டுக் குழந்தைப் பொம்மைகள் பாடும் படகுச் சவாரியும் இரண்டிலும் உண்டு. அதன் வரலாறு நமக்குச் சுவையானது. அது 1964-65-இல் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சியில், ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியத்துக்காக உருவாக்கப்பட்டது. அதே கண்காட்சியில்தான் வத்திக்கான் அரங்கில் மைக்கலாஞ்சலோவின் வியாகுலமாதா சிற்பம் வைக்கப்பட்டிருந்தது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1965 அக்டோபர் 4 அன்று அங்கு வருகை தந்தார். பின்னர் படகுச் சவாரி 1966-இல் கலிபோர்னியாவுக்குப் பெயர்ந்தது. 1971-இல் புளோரிடாவிலும் ஒன்று எழுந்தது.

சோர்வின் வேர்

சோர்வு கால்களில் மட்டும் பிறப்பதன்று. உடற்சோர்வு ஓரிரவு உறங்கினால் தீரும். மனச்சோர்வுக்கு வேறு காரணங்கள் உள்ளன. ஒன்று, புதுமை தேய்தல். திருப்பத்தில் என்ன வரும் என்று அறிந்துவிட்ட சவாரிக்காக ஒரு மணி நேரம் வரிசையில் நிற்கும்போது, அந்த ஒரு மணி நேரம் இரண்டாகத் தோன்றுகிறது. மற்றொன்று, ஒப்பிடும் பழக்கம். டிஸ்னிலாந்துக் கோட்டையின் உயரம் 77 அடி. மாஜிக் கிங்டம் கோட்டையோ 189 அடி. பெரியதை முதலில் கண்டவர், சிறியதன் முன் நின்று "இவ்வளவுதானா?" என்பர். மூன்றாவது, கொடுத்த காசுக்கு ஒன்றையும் விடலாகாது என்னும் பேராசை. இம்மூன்றுள் கொடியது இதுவே. விருந்தில் பரிமாறிய யாவற்றையும் உண்டே தீருவேன் என்பவன் விருந்தின் சுவையை அறியான்.

வேற்றுமையைத் தேடுக

இரண்டாவது பூங்காவில் முதற் பூங்காவைத் தேடாமல், அங்கு மட்டுமே உள்ளதைத் தேட வேண்டும். 1959-இல் எழுந்த மாட்டர்ஹார்ன் பனிமலை வண்டி டிஸ்னிலாந்தில் மட்டுமே உண்டு. பூங்காவுக்கு மேலே உயரப் பாதையில் மெல்ல ஊர்ந்து செல்லும் மக்கள் வண்டி அங்கு 1995-இல் நின்றுபோயிற்று; புளோரிடாவில் 1975 முதல் ஓடுகிறது. முதியோருக்கு அது நல்ல இளைப்பாறுதல்.

ஒரே பெயருடைய சவாரிகளைக் குழந்தைகளுக்குப் புதிராக்கலாம். கடற்கொள்ளையர் சவாரி கலிபோர்னியாவில் ஏறத்தாழக் கால்மணி நேரம். படகு இருமுறை சரிந்து இறங்கும். புளோரிடாவில் அதன் பாதி நேரமே, ஒருமுறைதான் இறங்கும். பேய் மாளிகையில் நீளும் அறை ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் அவ்வறை மின்தூக்கியாக நம்மைக் கீழே இறக்குகிறது. புளோரிடாவில் தரை அசைவதில்லை, கூரைதான் மேலே எழுகிறது. விண்வெளி மலையில் கலிபோர்னியாவில் இருவர் அருகருகே அமர்வர். புளோரிடாவில் ஒருவர் பின் ஒருவராக அமர்வர். "எது மாறியிருக்கிறது, கண்டுபிடி" என்று கூறி அழைத்துச் சென்றால், பழையதே புதியதாகிவிடும். ஆனால் இப்படி ஒப்பிட ஒன்றிரண்டு சவாரிகள் போதும்; மற்றவற்றை விட்டுவிடலாம்.

திட்டமிடும் முறை

இயலுமாயின் சிறிய கோட்டையை முதலிலும் பெரியதைப் பின்னரும் காண்பது நன்று. இரண்டுக்கும் இடையே பூங்கா எதுவுமில்லாத நாட்கள் சில இருக்கட்டும். பிள்ளைகள் வீட்டில் சோறு சமைத்து உண்டு, துணி துவைத்து, பேசிச் சிரித்துக் கழிக்கும் அந்நாட்களே பயணத்தின் சிறந்த நாட்களாக அமைதல் கூடும்.

கலிபோர்னியாவுக்கும் புளோரிடாவுக்கும் கடிகாரத்தில் மூன்று மணி நேர வேறுபாடு உண்டு. ஆர்லாண்டோவில் காலை எட்டு மணி என்பது, முந்தின நாள் கலிபோர்னியாவிலிருந்து வந்த குழந்தையின் உடலுக்குக் காலை ஐந்து மணி. ஆகவே போய்ச் சேர்ந்த மறுநாளே விடியற்காலையில் பூங்கா வாயிலுக்கு விரைதல் வேண்டா.

அனஹைமில் பூங்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே விடுதிகள் பல உள்ளன. நண்பகலில் அறைக்குத் திரும்பி, உண்டு, உறங்கி, மாலைக் குளிர்ச்சியில் மீண்டும் வரலாம். புளோரிடாவில் அது அத்துணை எளிதன்று. வண்டியை நிறுத்திவிட்டு, ஏரியைப் படகிலோ ஒற்றைத் தண்டவாள இரயிலிலோ கடந்துதான் மாஜிக் கிங்டத்தை அடைதல் வேண்டும். கோடைப் பிற்பகல்களில் அங்கு இடியும் மழையும் அடிக்கடி வரும்; அப்போது திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவர். எனவே வெளிச் சவாரிகளைக் காலையிலும், கூரையடியில் அமைந்தவற்றைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்வது அறிவுடைமை.

கைக்குழந்தை உடையோர்க்கு இரு பூங்காக்களிலும் ஒரு வசதி உண்டு. தாய் தந்தையருள் ஒருவர் குழந்தையோடு காத்திருக்க, மற்றவர் சவாரி முடித்து வருவார்; அதன்பின் காத்திருந்தவர் முழு வரிசையிலும் மீண்டும் நில்லாமலே ஏறலாம். முதியோருக்குச் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். அதில் அமர்வது இழிவன்று. இறுதிவரை குடும்பத்தோடு இருப்பதற்கு அது வழியாகும்.

முதல் நாள் இரவிலேயே குடும்பம் கூடி அமர்ந்து, ஒவ்வொருவரும் தாம் விரும்பும் ஒன்றைச் சொல்லட்டும். ஐந்து பேர் எனில் ஐந்து விருப்பங்கள். அவை நிறைவேறினால் அந்நாள் நிறைவு பெற்றது. மற்றவை கிடைத்தால் கொசுறு. "எனக்கு ஒன்றும் வேண்டா" என்று பாட்டி சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமோ என்று அஞ்சி, தம் களைப்பை மறைக்கும் பெற்றோர் நம்மிடையே பலர். அவர்கள் கேட்குமுன்பே ஓய்வை அளிப்பது மக்களின் கடமை. அதுபோன்றே, "இன்று நான் வரவில்லை, நீங்கள் மகிழ்ச்சியாகப் போய் வாருங்கள்" என்று பெரியோர் மனமாரச் சொல்வதும் அன்பே.

ஆண்டவரின் நாள்

பயணத்தில் ஞாயிறு குறுக்கிட்டால் அதனை இடையூறாகக் கருதலாகாது. டிஸ்னிலாந்திலிருந்து சில கல் தொலைவில், கார்டன் குரோவ் நகரில் கிறிஸ்து பேராலயம் உள்ளது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிகளால் ஆன அக்கட்டடம், பிரிந்த சகோதர சபையின் போதகர் இராபர்ட் ஷுல்லரால் கட்டப்பட்டு 1980-இல் திறக்கப்பட்டது. பின்னர் ஆரஞ்சு மறைமாவட்டம் அதனை வாங்கியது. பேராலயமாக அது அபிஷேகம் செய்யப்பட்டது 2019 ஜூலை 17-இல். அருகிலுள்ள பூங்கா திறக்கப்பட்டு 64 ஆண்டுகள் நிறைவுற்ற அதே நாள்! ஆர்லாண்டோவிலோ, சுற்றுலாப் பயணிகளுக்கென்றே எழுப்பப்பட்ட அகில உலக அரசியாகிய மரியன்னை ஆலயம் இருக்கிறது. அது 2009-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. விடுமுறையிலும் மக்கள் ஆண்டவரைத் தேடுவர் என்று நம்பியவர்கள் கட்டிய ஆலயம் அது.

பணி முடித்துத் திரும்பிய திருத்தூதர்களைத் தனிமையான இடத்துக்கு அழைத்து, சற்றே இளைப்பாறச் செய்தார் நம் ஆண்டவர் என்று மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம் கூறுகிறது. உண்ணவும் நேரமின்றி மக்கள் வருவதும் போவதுமாய் இருந்த வேளை அது. நற்செய்திப் பணிக்கே ஓய்வு வேண்டியிருந்தது எனில், கேளிக்கைக்கு வேண்டாவோ?

ஆகவே, பயணம் மேற்கொள்ளும் குடும்பங்களே! காணாமல் விட்டவற்றைக் கணக்கிடாதீர்கள். மாலையில் அறைக்குத் திரும்பியதும், கால்களைக் கழுவி, அனைவரும் ஒன்றாய் அமர்ந்து, அன்று தமக்குப் பிடித்த ஒன்றை ஒவ்வொருவரும் சொல்லி இறைவனுக்கு நன்றி கூறுங்கள். செபமாலை முழுவதும் சொல்ல இயலாது களைத்திருந்தால் ஒரு பத்துமணியேனும் சொல்லுங்கள். பொம்மைகள் பாடிய பாட்டைக் குழந்தை ஒருநாள் மறந்துவிடலாம். களைத்த தாத்தாவின் அருகில் அப்பா பொறுமையோடு அமர்ந்திருந்ததை அது மறவாது.