தீவகத்தின் பேச்சும் வருகை ஆய்வாளரும்

பிறநாட்டு அறிஞர் ஒருவரைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தம்மிடம் தங்கச்செய்து, உள்ளூர் ஆய்வாளரோடு சேர்ந்து பணியாற்ற வாய்ப்பளிக்கும் ஏற்பாட்டை உலகப் பல்கலைக்கழகங்கள் பல நெடுங்காலமாக நடத்தி வருகின்றன. மொழியின் ஒலி, சொல், தொடர் ஆகியவற்றின் அமைப்பை ஆராயும் மொழியியலுக்கு இவ்வேற்பாடு மிகவும் இன்றியமையாதது. ஏனெனில் பேச்சுமொழியை ஆராய்வோருக்கு அம்மொழி வழங்கும் ஊரே ஆய்வுகூடமாகும். ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலியவை அடங்கிய யாழ்ப்பாணத் தீவகம் அத்தகைய ஆய்வுக்கு உரிய களம்.

வரவேற்பின் வரலாறு

பிறநாட்டாரின் வரவைப் பேணுவது தீவகத்துக்குப் புதிதன்று. 12ஆம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு, பிறநாட்டார் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்க வேண்டும் என்றும் அவர்களுக்குப் பாதுகாப்பளிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும் உரியவை என்றும் அது வரையறுக்கிறது. வருவோருக்கும் இடந்தருவோருக்கும் உரிய பங்கை முன்கூட்டியே எழுத்தில் வகுத்துவைத்த இம்முறை, இன்றைய ஆய்வுறவுக்கும் பொருந்துவது.

ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள், பல நாடுகளில் தனித்தனியே உழைத்த தமிழறிஞரை ஒன்றுசேர்ப்பதைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார். 1964 ஜனவரியில் டில்லியில் கீழைத்தேயவியல் மாநாடு கூடியபோது உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் தோன்ற அவரே முன்னின்றார். மன்றத்தின் முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரிலும், நான்காவது 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்திலும் நடைபெற்றன. யாழ்ப்பாண மாநாட்டின் இறுதியில், ஜனவரி 10ஆம் திகதி, பொதுமக்கள் உயிரிழந்த துயரம் இன்னும் ஆறாத வடுவாக நிற்கிறது.

கூட்டுழைப்பின் பயன்

மாநாடு சில நாட்களில் முடிந்துவிடும். மொழியாய்வுக்கோ நீண்டகாலக் கூட்டுழைப்பு வேண்டும். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் கெயர், யாழ்ப்பாணத் தமிழை ஆராய்ந்த பேராசிரியர் சுசீந்திரராசாவோடும் சிங்கள மொழியியலாளர் கருணாதிலகவோடும் இணைந்து பேச்சுத் தமிழுக்கு எழுதிய பாடநூல் 1978இல் வெளிவந்தது. உள்ளூர் அறிஞர், கேட்ட கேள்விக்கு விடை சொல்லும் தகவலாளராக நின்றுவிடாமல் நூலாசிரியருள் ஒருவராக விளங்கியதே இம்முயற்சியின் சிறப்பு.

இத்தகைய உள்ளூர் அறிவு ஏன் தேவை என்பதற்குச் சுட்டுச் சொற்கள் தக்க சான்று. அண்மையைக் குறிக்கும் இகரம், சேய்மையைக் குறிக்கும் அகரம் ஆகியவற்றோடு உகரத்தையும் தொல்காப்பியம் சுட்டாகக் கூறுகிறது. தமிழகப் பேச்சில் வழக்கொழிந்த அவ்வுகரச் சுட்டு, ‘உந்த’, ‘உவன்’ என யாழ்ப்பாணப் பேச்சில் இன்றும் வாழ்கிறது. எதனைச் சுட்ட, யாரிடம் பேசும்போது அது வருகிறது என்பதை இலக்கண நூலை மட்டும் படித்து அறிய இயலாது. ஊராரோடு பழகிக் கேட்டே அறிய வேண்டும்.

செய்ய வேண்டுவன

போர்க்காலத்தில் தீவக மக்களுள் பெரும்பாலோர் இடம்பெயர்ந்து, பலர் புலம்பெயர்ந்து சென்றதால், கடற்றொழில், காற்று, படகு, பனை ஆகியவை சார்ந்த சொல்வளம் முதியோரிடமே பெரிதும் தங்கியுள்ளது. அதைப் பதிவுசெய்ய வரும் ஆய்வாளருக்கு உறைவிடமும் நூலக வசதியும் அளித்தால் மட்டும் போதாது. உள்ளூர் மாணவருக்குக் களப்பணியில், அதாவது பேசுவோரிடம் நேரில் சென்று தரவு திரட்டும் முறையில், பயிற்சி அளிக்கவும், பேசியவரின் இசைவைப் பெறவும், ஒலிப்பதிவின் படியை இங்கேயே வைக்கவும், கட்டுரையில் உள்ளூர் ஆய்வாளரின் பெயரைச் சேர்க்கவும் முன்கூட்டியே உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை அறிந்த சமூகம், பதிவுகளை ஒரே இடத்தில் வைப்பதன் ஆபத்தையும் அறியும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணையவழி ஆவணகம் போன்ற முயற்சிகளிலும் அவற்றைச் சேர்ப்பது தகும்.

மொழியியலைக் கற்பிக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமே இப்பணிக்கு முன்னின்று, தீவகப் பாடசாலைகளையும் மூத்தோரையும் இணைத்துக்கொண்டு வருகை ஆய்வாளரை அழைக்க வேண்டும். அம்மூத்தோர் நம்மிடையே இருக்கும்போதே அது தொடங்கப்பட வேண்டும்.